சந்துப் பக்கக் கதவு

காரைக்காலில் ஒரு சினிமாக் கொட்டகையில் பெண்கள் வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பதுதான் பல வருஷம் என் வேலை. என் கணவர் அதே கொட்டகையில் மாடி அறையில் படம் ஓட்டும் ஆபரேட்டர். குரும்பகரத்தில் நடவும் களையெடுப்பும் மட்டுமே தெரிந்து வளர்ந்தவள் நான். பெண்கள் பக்கத்துக்கு ஒரு பொம்பளை ஆள் வேண்டும் என்று மேனேஜர் கேட்டபோது, கணவர்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அது எழுபதுகளின் நடுப்பகுதி. எனக்கு அப்போது குழந்தை பிறக்கவில்லை.

பெண்களுக்கான வரிசை ஒரு குறுகலான நடை. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. நடையின் கடைசியில், கை மட்டும் நுழையும் அளவுக்கு டிக்கெட் ஜன்னல். அதைத் தாண்டினால் மடக்கு இரும்புக் கதவு. அதன் பின்னால் நான். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, எல்லாரும் ஒழுங்காக வருவார்கள் என்று காத்திருந்து, என் புடவையையே கிழித்துக்கொண்டேன். பிறகு கற்றுக்கொண்டேன். ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் கதவு திறக்க வேண்டும். அடியில் என் காலை முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், வாய் ஓயக்கூடாது. "யக்கா, புள்ளைய இடுப்புலேர்ந்து தோளுக்கு மாத்துங்க", "பட்டினச்சேரிக்காரவங்க கொஞ்சம் பொறுங்க, மீனு நாளைக்கும் விக்கும், படம் இன்னும் ஆரம்பிக்கல", "யாரு அது பின்னாலேர்ந்து நெட்டுறது, மாமியாரா மருமவளா?" என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். சிரித்துக்கொண்டிருக்கும் கூட்டம் முட்டாது. காது என் பக்கம் இருக்கும் வரை கால் நிதானமாக வரும்.

அந்த நடையின் இடது சுவரில் ஒரு தகரக் கதவு உண்டு. வெளிப்பக்கமாகத் திறக்கும். திறந்து ஒரு படி இறங்கினால் கொட்டகையை ஒட்டி ஓடும் ஒரு சந்து. சந்து வழியாகப் போனால் பெண்கள் உட்காரும் பகுதிக்கு ஒரு சின்னப் பக்கவாசல் வரும். தகரக் கதவு எப்போதும் தாழிட்டிருக்கும். பக்கவாசலின் சாவி மட்டும் என்னிடம் இருக்கும்.

அந்தச் சந்தை நான் சிலருக்காகப் பயன்படுத்தினேன். கடற்கரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் படம் பார்க்க ஆசைப்பட்ட பெண்கள் இருந்தார்கள். வரிசையில் நிற்க முடியாது, யாராவது பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லிவிடுவார்கள். திரை போட்ட கூண்டு வண்டியில் வந்து, சந்தின் பின்முனையில் இறங்கி, வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு காத்திருப்பார்கள். உள்ளே விளக்கு அணைந்ததும் நான் போய்ப் பக்கவாசலைத் திறந்து கடைசி வரிசையில் உட்காரவைப்பேன். படம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது மறுபடி வெளியே அனுப்பிவிடுவேன். மேனேஜருக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்துவிடுவார்.

அப்படி வந்தவர்களில் ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தார்கள். மாமியாருக்கு அறுபதுக்குக் கிட்டத்தட்ட இருக்கும். மகன் வளைகுடாவில் வேலை பார்த்தார். வெளிநாடு போனதை மாமியார் 'சபர் போயிருக்கான்' என்பார். படத்தின் மேல் பித்து மாமியாருக்குத்தான். மருமகள் துணைக்கு வருவாள், பாதிப் படத்தில் தூங்கிவிடுவாள். மாமியார் திரையில் யாராவது அழுதால் தானும் அழுது, போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏ புள்ள, இப்படியா ஒரு தாயப் படுத்துவான் மகன்காரன்?" என்று நியாயம் கேட்பார். நான் என்னத்தைக் கண்டேன்! வாசலில் நிற்கிறவள் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. நான் அவரை அம்மா என்று கூப்பிடுவேன். அவர் முன்னால் நின்றால் எனக்கு ஏதோ என் வீட்டு மனுஷியைப் பார்த்ததுபோல் இருக்கும்.

பொங்கல் வாரத்தில் வராதீர்கள் என்று வழக்கமாகவே சொல்லிவைப்பேன். அந்த வருஷமும் சொன்னேன். காணும் பொங்கல் அன்று காலை வண்டிக்காரர் வந்து நின்றார்.

"மாமி இன்னிக்குத்தான் வருவாங்களாம். அடுத்த வாரம் மவன் லீவுல வர்றாராம். அவர் வந்துட்டா ரெண்டு மாசத்துக்கு வாசப்படி தாண்ட முடியாதாம். புதுப் படம் போயிடும்னு ஒரே பொலம்பல்."

எனக்குச் சிரிப்பு வந்தது. "மேட்னிக்குக் கூட்டிட்டு வாங்க. சந்துலயே இருக்கச் சொல்லுங்க. அந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்க. நடுவுல இருக்குற கதவு தெறக்காது, நான் பொறுப்பு" என்றேன்.

மேட்னிக்கு நடை முழுக்கப் பெண்கள். கருக்களாச்சேரியிலிருந்தும் பட்டினச்சேரியிலிருந்தும் புதுப்புடவையும் தலை நிறைய கனகாம்பரமுமாக வந்திருந்தார்கள். வயலோர ஊர்களிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முந்தின காட்சி முடியத் தாமதமாகி, உள்ளே இருந்தவர்களை வெளியேற்றவே நேரம் போய்விட்டது. அன்றைக்குக் கூடுதல் காட்சி வேறு. நேரம் பிடிக்க வேண்டும் என்று மேனேஜர் அவசரப்படுத்தினார். நான் பாதிப் பேரைக்கூட உள்ளே விடவில்லை, அதற்குள் மேலிருந்து ரீல் ஓட ஆரம்பித்துவிட்டது.

வெளியே நிற்கும் கூட்டத்துக்குப் படத்தின் சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் என்ன பேசினாலும் யாரும் சிரிக்க மாட்டார்கள். டைட்டில் பாட்டு சுவரைத் தாண்டி வந்ததும் நடையின் பின்முனையில் ஒரு அலை எழும்பி முன்னால் வந்தது. கையில் டிக்கெட் வைத்திருந்தவர்கள் இரும்புக் கதவின் மேல் அழுந்தினார்கள். ஜன்னலில் கை விட்டிருந்தவர்களால் கையை எடுக்க முடியவில்லை. மடக்குக் கதவை இழுத்துப் பார்த்தேன். அத்தனை உடம்பின் பாரமும் அதன் மேல் இருந்ததால் மடங்க மறுத்தது.

தள்ளுமுள்ளுச் சத்தம் எனக்குப் பழக்கம். திட்டு, சிரிப்பு, வளையல் உடையும் ஓசை எல்லாம் இருக்கும். அன்றைக்கு அது நின்று, வேறொரு சத்தம் வந்தது. பேச்சில்லாத, மூச்சு இழுக்கிற சத்தம். கைக்குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்திருந்தது. குரல் வரவில்லை.

டிக்கெட் அறைக்குள் குனிந்து ஓடி, அதன் சின்னக் கதவு வழியாக நடையின் இடது சுவர் ஓரமாக நுழைந்தேன். இரண்டு பேரை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு தகரக் கதவின் தாழ்ப்பாளைப் பிடித்தேன். அந்தப் பக்கம் அவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு நினைவிருந்தது. மறந்துபோய்த் திறந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. தாழ்ப்பாளின் மேல் கை வைத்த நொடியில் வெள்ளைத் துப்பட்டி கண்ணுக்கு முன்னால் வந்துபோனது. ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். 'அம்மா, ஒதுங்குங்க' என்று. தகரத்துக்கு அந்தப் பக்கம் நன்றாகவே கேட்டிருக்கும். பேசியே பிழைத்தவள் நான். அன்றைக்குப் பேசவில்லை. தாழை இழுத்தேன்.

கதவு வெளிப்பக்கமாக அடித்துத் திறந்தது. பெண்கள் அணை உடைந்ததுபோல் சந்துக்குள் கொட்டினார்கள். விழுந்தார்கள், எழுந்தார்கள், சுவரில் சாய்ந்து இருமினார்கள். குழந்தையைத் தூக்கிப் பிடித்திருந்தவள் தரையில் உட்கார்ந்து அதை மடியில் போட்டுக் குலுக்கினாள். அது வீல் என்று அழுததும் சுற்றி நின்றவர்களும் அழுதார்கள். மயங்கியிருந்த இரண்டு பேர் முகத்தில் யாரோ கலர் சோடாவை அடித்தார்கள். ஒரு உயிர்கூடப் போகவில்லை.

அப்புறம்தான் சந்தின் ஓரத்தில் வெள்ளையாக ஒன்று கிடப்பதைப் பார்த்தேன். மருமகள் குனிந்து மாமியாரின் முகத்தைத் துப்பட்டியால் மூடிக்கொண்டிருந்தாள். அவருக்கு அடிபட்டதைவிட யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் அந்தப் பெண்ணுக்கு முதலில் தோன்றியிருக்கிறது. வண்டிக்காரர் ஓடிவந்தார். இருவருமாகத் தூக்கினார்கள். துணிக்குள்ளிருந்து "அல்லாவே, அல்லாவே" என்று மெல்லிய முனகல் மட்டும் கேட்டது. மருமகள் ஒரே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தாள். மேனேஜர் அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலுக்குப் போனேன். மிச்சமிருந்தவர்களின் டிக்கெட்டைக் கிழித்து உள்ளே அனுப்பினேன்.

பொங்கல் கூட்டம் ஓய்ந்ததும் முதலாளி கொட்டகை ஆட்கள் எல்லாரையும் கூட்டிவைத்து எனக்கு ஒரு பட்டுப்புடவை கொடுத்தார். "இந்தப் பொண்ணு மட்டும் அன்னிக்கு சமயோசிதமா கதவத் தெறக்கலன்னா நாமெல்லாம் ஜெயில்ல இருந்திருப்போம்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிய அந்தக் கைகளுக்கு நடுவே என் கணவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அவரிடம் மட்டும்தான் நான் முழுதும் சொல்லியிருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு நடக்கும்போது, "யார் சொன்னாலும் நான் ரீல ஓட்டியிருக்கக் கூடாது" என்றார். அதற்கு மேல் அவர் அதைப்பற்றிப் பேசியதில்லை. புடவையை என் தங்கைக்குக் கொடுத்துவிட்டேன்.

அந்த வீட்டுக்குப் போக எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் காலையில் கொல்லைப்புற வழியாகப் போய் நின்றேன். மருமகள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. எந்திரிக்க நாளாவும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.

உள்ளேயிருந்து, "யாரு, கொட்டாய்ப் புள்ளயா? வரச் சொல்லு" என்று சத்தம் வந்தது.

கட்டிலில் அசையாமல் படுத்திருந்தார். முகம் வற்றியிருந்தது. நான் கட்டிலின் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். அழக்கூடாது என்று நினைத்து வந்திருந்தேன், முடியவில்லை.

"நாங்க அங்க இருக்கோம்னு மறந்துட்டியா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. ஞாபகம் இருந்துச்சு."

"பின்ன ஏன் கூப்புடல?"

"கூப்பிட்டா கூட்டத்துக்கெல்லாம் உங்களத் தெரிஞ்சிடுமேன்னு..." என்றேன்.

அந்தப் பதில் எவ்வளவு சுலபமாக வாய்க்கு வந்தது! அது சுலபமாக வந்ததாலேயே அதன் மேல் எனக்கு இன்றுவரை சந்தேகம். உண்மையிலேயே அவர் மானத்தைக் காக்கத்தான் வாயை மூடிக்கொண்டேனா, அல்லது அந்த நொடியில் என் கண்ணுக்கு முன்னால் மூச்சுத் திணறிய ஐம்பது அறுபது பேருக்கு எதிரில் அந்தப் பக்கத்து இரண்டு பேர் கணக்கிலேயே வராமல் போனார்களா? எத்தனை தடவை யோசித்தாலும் தாழ்ப்பாளின் இரும்புச் சூடுதான் ஞாபகம் வருகிறது. மனசில் என்ன ஓடியது என்பது வருவதில்லை.

அவர் மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவலயே? ஒரு கைப்புள்ள கத்துனுச்சே."

"நல்லா இருக்கும்மா."

"ம்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "படம் என்னாச்சு? நல்லாருக்காமே?" என்றார்.

"நான் பாக்கலம்மா."

"அங்கயே நின்னுகிட்டு பாக்கலங்கிறியே! நான்தான் இனிமே வர முடியாது. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லணும்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. வாசல் வேலை முடிந்ததும் உள்ளே போய்ச் சுவரோரம் நின்று படத்தைப் பார்ப்பேன். முதல் பகுதியை ஒரு நாள், இடைவேளைக்குப் பின் ஒரு நாள், விட்டுப்போன ஆரம்பத்தைக் கணவரிடம் கேட்டு என்று சேர்த்துக்கொள்வேன். படம் மாறும்போதெல்லாம் ஒரு காலைப் பொழுதில் போய்க் கட்டிலருகே உட்கார்ந்து சொல்வேன். யார் என்ன நிறப் புடவை கட்டியிருந்தாள் என்பதுவரை கேட்பார். சண்டைக் காட்சி மட்டும் வேண்டாம் என்பார். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுவார், சிரிப்பார். அவர் சிரிக்கும்போது இடுப்பில் சுருக்கென்று பிடித்து முகம் கோணும். அதைப் பார்த்ததும் எனக்குக் கதை அறுந்துபோகும். "சொல்லு, சொல்லு, நீ எங்க போன?" என்பார்.

முதல் முறை நான் போய் வந்த சில நாளில் மகன் வந்துவிட்டார். அடுத்த தடவை போனபோது அவர் கூடத்தில் இருந்தார். இது யார் என்பதுபோல் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் சொல்லிவிட்டாள்: "மாமி கெணத்தடியில வழுக்கி விழுந்தாங்கல்ல, அப்ப இவங்கதான் கொல்லப்பக்கமா வந்தவங்க, ஓடியாந்து தூக்குனாங்க."

கிணற்றடியில் விழுந்ததாகத்தான் ஊருக்கும் உறவுக்கும் சொல்லியிருந்தார்கள். அந்தப் பொய்க்குள் எனக்கும் ஓர் இடம் பார்த்துவைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. மகன் எழுந்து நின்றார். என் வயசுதான் அவருக்கும் இருக்கும். கண் கலங்கிவிட்டது.

"நீங்க இல்லாட்டி என்னா ஆயிருக்கும்? எங்க உம்மாவ நல்லபடியா பாத்துக்கிட்டீங்க, அல்லா உங்களுக்கு ஒரு கொறையும் வெக்க மாட்டான்" என்றார்.

கட்டிலில் படுத்திருந்தவரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் மகன் எனக்கென்று ஏதாவது கொண்டுவருவார். டார்ச் லைட், செண்ட் பாட்டில், எனக்குக் குழந்தை பிறந்தபோது ஒரு கம்பளிப் போர்வை. மறுத்தால் ஏன் என்று கேட்பாரே என்று வாங்கிக்கொள்வேன். அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என் பிள்ளை தூங்கும்போது பக்கத்தில் எனக்குத் தூக்கம் பிடிக்காது.

கொட்டகையில் தகரக் கதவின் தாழைக் கழற்றிவிட்டு, மேலே 'அவசர வழி' என்று சிவப்பில் எழுதினார்கள். அது நல்லதுதான். ஆனால் சந்தில் எந்நேரமும் ஆள் நடமாட்டம் ஆகிவிட்டது. கூண்டு வண்டியில் வந்துகொண்டிருந்த மற்றப் பெண்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஒன்றிரண்டு பேர் ஆள் விட்டுக் கேட்டார்கள். வர வேண்டாம், நான் பொறுப்பேற்க முடியாது என்று சொல்லி அனுப்பினேன். 'நான் பொறுப்பு' என்ற வார்த்தையை மறுபடி யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

எண்பதுகளில் மகன் டிவியும் வீடியோ டெக்கும் கொண்டுவந்து கூடத்தில் வைத்தார். அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் அங்கே கூடிப் படம் பார்க்க ஆரம்பித்தார்கள். மாமியார் அதற்குள் கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடக்கப் பழகியிருந்தார். இனி நான் போய்ச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்து இரண்டு வாரம் போகாமல் இருந்துவிட்டேன். எனக்கு விடுதலையாகக்கூட இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். வண்டிக்காரர் வந்து நின்றார்.

"ஏன் வரலன்னு கேக்குறாங்க. கேசட்டுல படம் தெரியுதாம், ஆனா பக்கத்துல உக்காந்து பேச ஆளு இல்லியாம்."

போனேன். அவர் காலமாகும் வரை போனேன். கடைசியில் கண் மங்கிவிட்டது. திரையில் ஓடுவதை நான் பக்கத்திலிருந்து சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அவருடைய நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும் சடங்குக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தில் உறவுக்காரர்கள் இருக்கும்போது மகன் என்னைக் காட்டி, "உம்மா அன்னிக்கு விழுந்தப்ப ஓடியாந்து தூக்குனவங்க. அதுலேர்ந்து கடைசி வரைக்கும் கூட இருந்தாங்க. சொந்தத்துல யாரு இப்படி இருப்பா?" என்றார். பெரியவர்கள் சிலர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவர்தான் இல்லையே, இனி யாருக்காக மறைக்க வேண்டும் என்று தோன்றியது.

"தம்பி, ஒரு விஷயம் சொல்லணும்..." என்று ஆரம்பித்தேன்.

"அக்கா, இங்க கொஞ்சம் வாங்களேன், கை வேணும்" என்று மருமகள் அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். போனதும் கதவைச் சாத்தினாள்.

"சொல்லாதீங்க."

"எனக்கு முடியலம்மா. என்னத் தூக்கி வெச்சுப் பேசுறாரு."

"சொன்னா உங்களுக்குப் பாரம் எறங்கும். அவுகளுக்கு? உம்மா சொல்லாம கொள்ளாம சினிமாவுக்குப் போய் இடுப்ப ஒடச்சிக்கிட்டாங்கன்னு இத்தன வருஷம் கழிச்சு ஏன் தெரியணும்? மாமி அத யார்கிட்டயும் சொல்லல. என்னயும் சொல்ல வுடல. அது மாமியோட சொத்து. நாம எடுத்துக் கொடுக்க முடியாது."

அவள் குழாயைத் திறந்து தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்:

"நிக்க முடியல கால் வலிக்குதுன்னாங்க. அந்தக் கதவுக்குக் கீழ படி இருந்துச்சுல்ல, அதுல உக்காருங்க மாமின்னு நான்தான் சொன்னேன். கதவு தெறக்காதுன்னு நீங்க சொல்லி அனுப்புனீங்களே, அத நம்பித்தான் சொன்னேன். ஆனா சொன்னது நான்."

இத்தனை வருஷத்தில் இதை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அன்றைக்குச் சந்தில் திரும்பி என்னைப் பார்த்தாளே, அந்தப் பார்வையில் எனக்கான குற்றச்சாட்டு மட்டும்தான் இருந்தது என்று நான் நினைத்திருந்தேன். அவள் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை. ஈரத் தட்டு ஒன்றை அவள் பின்பக்கமாக நீட்டினாள். வாங்கித் துடைத்தேன். அடுத்ததை நீட்டினாள். கூடத்தில் ஆண்கள் கை கழுவ எழுந்து போகும் சத்தம் கேட்டது. கழுவ வேண்டிய தட்டுகள் இன்னும் நிறைய இருந்தன.